ஆச்சியின் சேலையை வெட்டலாமா?

நம் வீடுகளில் மிகவும் அநியாயமாக நடத்தப்படுகிற சாமான் எது என்று கேட்டால், தையல் மிஷின் என்றுதான் நான் சொல்லுவேன். கல்யாணச் சீரோடு வண்டியேறி வந்தது அது. அல்லது தவணை முறையில் மாதாமாதம் பணம் கட்டி வாங்கப்பட்டது. குழந்தைகளின் ஜட்டி, பள்ளிக்கூடத்துப் பாவாடை, தலையணை உறை, ஜன்னல் திரை என்று வருஷக்கணக்கில் கடகடத்து உழைத்தது. இன்று அதன் மேல் இஸ்திரி போடவேண்டிய துணிமணிகள் மலைபோல் குவிந்திருக்கின்றன. தோல் வார் அறுந்து எத்தனையோ காலமாகிவிட்டது. பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் என்று கூவியவர்களின் காலம் போய், ஒலிபெருக்கி கட்டிய வண்டி தெருவில் வரும் காலம் வந்திருக்கிறது. அந்த வண்டியின் குரல் கேட்கும்போதெல்லாம் மிஷினுக்கு உயிர் இருந்தால் நடுங்கித்தான் போகும்.

"ஆயத்த உடைகள் இவ்வளவு மலிவாகக் கிடைக்கும்போது வீட்டில் உட்கார்ந்து யார் தைப்பது?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். சிக்கனத்தைக் காட்டி வீட்டுத் தையலுக்கு வக்காலத்து வாங்குவதில் இனிப் பயன் இல்லை. சட்டையும் கவுனும் கடையில் வாங்குவதே லாபம். ரவிக்கை ஒன்றுதான் விதிவிலக்கு. துணியின் விலையைக் காட்டிலும் தையற்கூலி அதிகம் என்று புலம்பாத பெண்மணி உண்டா?

ஆகவே பணக் கணக்கை ஒதுக்கி வைத்துவிட்டுப் பேசுவோம். தையல் என்பது சிறு வயதில் தொடங்கிக் கண்பார்வை மங்கும் வரையில் ஒரு குடும்பமே சேர்ந்து அனுபவிக்கக்கூடிய பொழுதுபோக்கு என்பது என் அபிப்பிராயம். நம் நாட்டில் அதை அப்படிப் பார்த்தவர்கள் மிகக் குறைவு. பெண்ணுக்குத் தையல் தெரியும் என்றால் அது கல்யாணச் சந்தையில் ஒரு தகுதியாக இருந்தது. விதவையானாலோ, கணவன் கைவிட்டாலோ அதுவே கஞ்சிக்கு வழியாகவும் இருந்தது. நம் அரசாங்கம் இலவசத் தையல் இயந்திரம் வழங்கும் திட்டத்துக்கு சத்தியவாணி முத்து அம்மையாரின் பெயரைச் சூட்டியிருக்கிறது. அதிலே பயன் பெறுகிறவர்களில் இத்தகைய ஆதரவற்ற பெண்களும் உண்டு. மிக நல்ல காரியம். ஆனால் தகுதிக்காகவும் வயிற்றுக்காகவும் தைத்த தாய்மார்கள், மனமகிழ்ச்சிக்காகத் தைக்கவே இல்லையா? தைத்தார்கள். வெளியே சொல்லிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

காந்திஜி தந்த விலக்கு

யந்திரங்களின் மீது காந்திஜிக்கு இருந்த ஆத்திரம் பிரசித்தமானது. 1924-ஆம் ஆண்டில் சாந்திநிகேதன் மாணவர் ஜி. ராமச்சந்திரன் அவரைக் கண்டு, "எல்லா யந்திரங்களையுமா வேண்டாம் என்கிறீர்கள்?" என்ற கருத்தில் துருவித் துருவிக் கேட்டார். இந்த ராமச்சந்திரன்தான் பிற்காலத்தில் தம் மனைவி டாக்டர் சௌந்திரத்துடன் சேர்ந்து, 1947-இல் சின்னாளபட்டிக்குப் பக்கத்தில் காந்திகிராமத்தை ஏற்படுத்தியவர். அவருக்குப் பதில் சொன்ன காந்திஜி, விலக்குக் கொடுப்பதற்கு உதாரணமாக எடுத்துக்கொண்டது ஸிங்கர் தையல் மிஷினைத்தான். மனைவி கையால் தைத்துத் தைத்து அவதிப்படுவதைக் காணச் சகியாமல், அவளிடம் கொண்ட அன்பினால் ஸிங்கர் அதைச் செய்தார் என்று காந்திஜி கூறினார். மாணவர் விடவில்லை. மிஷின் வேண்டுமென்றால் அதைச் செய்யப் பெரிய தொழிற்சாலை வேண்டாமா என்று மடக்கினார். வேண்டும், ஆனால் அது அரசாங்கத்தின் பொறுப்பில் இருக்கவேண்டும் என்று காந்திஜி ஒப்புக்கொண்டார். சம்பாஷணை முழுவதும் 'யங் இந்தியா'வில் வெளிவந்தது.

அந்தக் காதல் கதை மட்டும் சரித்திரத்துக்குச் சற்று முரணானது. 1851-இல் காப்புரிமை வாங்கிய ஐஸக் ஸிங்கர், மனைவிக்காக உருகிய மனிதர் அல்லர். ஒரே காலத்தில் பல குடும்பங்கள் வைத்திருந்த ஆசாமி! மனைவி இரவெல்லாம் தைத்துக் குடும்பத்தைக் காப்பாற்றியதைப் பார்த்து மனம் நொந்தவர் என்று கதை சொல்லப்படுவது இலையாஸ் ஹோவைப் பற்றி. அவர் 1846-லேயே காப்புரிமை பெற்றவர். ஸிங்கர் மீது வழக்குத் தொடுத்து வெற்றியும் கண்டார்.

கதை யாருடையதானாலும் மிஷின் செய்த உபகாரம் பெரிது. கையால் ஒரு ஆண்பிள்ளைச் சட்டை தைக்க 14 மணி 26 நிமிஷம் பிடிக்கும், மிஷினில் 1 மணி 16 நிமிஷம் போதும் என்று அமெரிக்காவில் அந்நாளில் கணக்குப் போட்டார்கள். ஒரு சட்டைக்குப் பதின்மூன்று மணி நேரம் மிச்சம்! பெண்களின் முதுகும் கண்ணும் தப்பின. கைத்தையல் கட்டாயமாக இருந்தது, அன்றிலிருந்து விருப்பமாக மாறியது. பாலம் கட்டிய பிறகும் ஆற்றில் நீந்துகிறவர்கள் இருக்கிறார்கள் அல்லவா? அக்கரைக்குப் போவதற்கா நீந்துகிறார்கள்?

ஒரு சேலையின் ஆயுள்

நம் வீட்டு நூல் சேலைக்கு எத்தனை பிறவிகள் என்று எண்ணிப் பாருங்கள். முதலில் வெளியே போக உடுத்துவது. சாயம் மங்கியதும் வீட்டுக்கு. பிறகு பெண்குழந்தைக்குப் பாவாடை. நைந்து பூப்போல் ஆனதும் உத்திரத்தில் தூளி. பிறந்த சிசுவை முதலில் போர்த்துவதும் அதுதான். புதுத் துணி குழந்தையின் உடம்பை உறுத்தும் என்பது பாட்டிமார் கண்ட வைத்தியம். அப்புறம் அடுப்படியில் கைப்பிடித் துணி. கடைசியில் ஒரு முழம் கிழித்து விளக்குக்குத் திரி. இந்த வரிசையை நடுவில் நிறுத்தியவர்கள் பழைய துணிக்குப் பாத்திரம் கொடுக்கும் வியாபாரிகள். ஒரு பட்டுப் புடவையைப் போட்டு எவர்சில்வர் தூக்கு வாங்கிய குடும்பங்கள் ஊருக்கு ஊர் உண்டு.

இந்தப் பிறவிகளுக்கிடையே இன்னொன்றும் இருந்தது. நைந்த சேலைகளை அடுக்கி வைத்து, கையால் ஓட்டுத் தையல் போட்டுச் செய்யும் போர்வை. நம் பக்கத்தில் இதற்குப் பெரிய பெயரும் இல்லை, புகழும் இல்லை. வங்காளத்தில் இதையே 'காந்தா' என்று கொண்டாடுகிறார்கள். பழஞ்சேலைகளின் கரையிலிருந்து வர்ண இழைகளை உருவி எடுத்து, அந்த இழையாலேயே மீனும் தாமரையும் தேரும் தைப்பார்கள். இந்தப் போர்வையை மையமாக வைத்துக் கவிஞர் ஜசீமுத்தீன் 1929-இல் ஒரு காவியமே எழுதிவிட்டார். மகாராஷ்டிரத்தில் இது 'கோதடி'. கன்னட நாட்டில் 'கவுதி'. அதே வேரிலிருந்து பிறந்த சொல்தான் நம்முடைய 'கந்தை'. அங்கே கந்தை கலைப்பொருள். இங்கே தரித்திரத்தின் அடையாளம்! 'ஒட்டுப் போட்ட துணி' என்றால் நமக்கு முகம் சுளிக்கிறது. வறுமையை நேரில் கண்ட தலைமுறைக்கு அந்த வெட்கம் இருந்ததில் தவறில்லை. ஒட்டுப் போட்ட சட்டையுடன் பள்ளிக்கூடம் போனவர்களைக் கேட்டால்தான் அதன் வலி தெரியும். ஆனால் அதை அறியாத பேரப்பிள்ளைகளும் ஏன் அந்த வெட்கத்தைச் சுமக்கவேண்டும்?

அமெரிக்காவில் அலபாமா மாகாணத்தில் ஓர் ஆற்று வளைவில் கீஸ் பெண்ட் என்ற கிராமம் இருக்கிறது. அடிமைகளாக இருந்த நீக்ரோ மக்களின் சந்ததியார் வாழும் ஊர். குளிருக்காகக் கிழிந்த வயற்காட்டு உடைகளைச் சேர்த்துத் தைத்துப் போர்வை செய்துகொண்டவர்கள் அவர்கள். 1942-இல் அவ்வூர்ப் பெண்மணி மிசௌரி பெட்வே, காலமான தம் கணவரின் வேலை உடைகளை எல்லாம் எடுத்தார். மகள் ஆர்லோன்ஸியாவையும் கூட்டிக்கொண்டு அவற்றைக் கிழித்துப் போர்வையாகத் தைத்தார். அவரை நினைத்துக்கொண்டு அதன் கீழ் உறங்கவேண்டும் என்பதே காரணம். முழங்கால் தேய்ந்த இடம் நிறம் மாறியது மாறியபடியே அந்தப் போர்வையில் இருக்கிறது. 2002-இல் கீஸ் பெண்ட் போர்வைகள் ஹூஸ்டன் நகர அருங்காட்சியகத்தில் ஓவியங்களைப்போல் சுவரில் மாட்டப்பட்டன. 2006-இல் அமெரிக்க அரசாங்கம் அவற்றைத் தபால்தலைகளிலும் அச்சிட்டது.

வெட்டலாமா, கூடாதா?

மிசௌரி அம்மாள் செய்த காரியத்தைச் செய்யும் துணிவு நமக்கு உண்டா? ஒரு வீட்டில் மூத்தவள் கண்ணை மூடினால் அவளுடைய சேலைகள் என்னவாகின்றன? பட்டுச் சேலைகளை மகள்களும் மருமகள்களும் எடுத்துக்கொள்வார்கள். அதில் மனஸ்தாபம் வந்து பேச்சுவார்த்தை நின்ற குடும்பங்களையும் அறிவேன். நித்தியம் கட்டிய நூல் சேலைகளில் சில ஏழைகளுக்குப் போகும். ஒன்றிரண்டைப் பீரோவில் பாச்சை உருண்டை போட்டு வைப்பார்கள். பத்து வருஷம் கழித்து எடுத்துப் பிரித்தால் மடிப்பு மடிப்பாக விட்டுப்போயிருக்கும். பாதுகாத்தது போதாதென்று பாழாகவும் போயிற்று!

எங்கள் ஆச்சி காலமானபோது ஏழு நூல் சேலைகள் மிஞ்சின. கண்டாங்கி இரண்டு, சுங்குடி மூன்று, மற்றவை சாதாரணக் கட்டம் போட்டவை. தைத்துவிடலாம் என்று அம்மா சொன்னதும் அத்தை கொதித்துவிட்டாள். "எங்கம்மா சேலையில கத்திரிக்கோல வைக்கப்போறியா மதினி?" என்று கேட்டுவிட்டு இரண்டு நாள் எங்கள் வீட்டில் பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை. அத்தையின் வாதம் அற்பமானதல்ல. ஆச்சியின் உருவமே அந்தச் சேலைதான், அதைக் கண்டதுண்டமாக்குவது அவளையே அறுப்பதுபோல என்பாள். யோசித்துப் பார்த்தால் எனக்கு வேறாகத் தோன்றுகிறது. பீரோவில் இருப்பதை வருஷத்துக்கு ஒருமுறை பார்ப்போம். போர்வையை இரவுதோறும் தொடுவோம். மேலும் வெட்டித்தான் தைக்கவேண்டும் என்பதும் இல்லை. 5½ மீட்டர் சேலையை மூன்றாக மடித்தால் ஆறடி நீளமும் 45 அங்குல அகலமும் கொண்ட மூன்று அடுக்குக் கிடைக்கிறது. கத்தரிக்கோலே படாமல் ஒருவர் தாராளமாகப் போர்த்திக்கொள்ளலாம். இதைக் காட்டிய பிறகுதான் அத்தை காப்பி குடித்தாள்.

ஒரு சேலையை மட்டும் அப்படியே முழுசாக வைத்துவிட வேண்டும் என்பது என் கட்சி. கல்யாணப் பட்டைத் தொடவே கூடாது. ஜரிகை இழை சருமத்தை உறுத்துவதோடு, பட்டும் நூலும் ஒரே மாதிரி சுருங்குவதுமில்லை.

முதன்முதலாகத் தைப்பவர்கள் மூன்று அடுக்கோடு நிறுத்திக்கொள்ளட்டும். ஆறு அடுக்கில் ஊசி இறங்குவது கஷ்டம். அதிகம் நைந்த பாகத்தை நடு அடுக்கில் வையுங்கள். தரையில் விரித்துச் சுருக்கம் நீவி, நடுவிலிருந்து ஓரத்தை நோக்கிப் பெரிய பெரிய நூலோட்டம் போட்டு அடுக்குகளைப் பிணைத்துக்கொள்ள வேண்டும். ஓரத்திலிருந்து தொடங்கினால் நடுவில் உப்பிக்கொண்டு, கடைசி வரையில் அடங்காது. பின்பு அங்குலத்துக்கு ஒரு வரிசையாக ஓட்டுத் தையல். வரிசைகள் 44. அங்குலத்துக்கு நான்கு தையல் என்றால் மொத்தம் 12,672. மலைக்கவேண்டாம், நாளைக்கு இரண்டு வரிசை போட்டால் 22 நாளில் முடியும்.

இதிலே வீட்டில் எல்லோருக்கும் வேலை இருக்கிறது என்பதுதான் விசேஷம். வயதானவர்களுக்குக் கை பழகியது, கண்தான் ஒத்துழைக்காது. ஊசியில் நூல் கோத்துக் கொடுக்கக் குழந்தைகள் வேண்டும். பத்து ஊசிகளில் முன்கூட்டியே கோத்துக் குத்திவைத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போகும் பேத்தி, பாட்டியின் ஒரு நாளைக் காப்பாற்றிவிடுகிறாள். "இந்தச் சேலை எப்போது வாங்கியது?" என்று ஒரு கேள்வி போதும், வாங்கிய கடை, விலை, அன்றைக்கு வந்த சண்டை எல்லாம் வெளியே வரும். வேறு சமயத்தில் கேட்டால் சொல்லமாட்டார்கள். கை வேலையாக இருக்கும்போதுதான் வாய் திறக்கும்.

ஆண்பிள்ளைகள் என்ன செய்வது என்று கேட்கிறவர்களிடம் நான் ஒன்று கேட்கிறேன். நம் ஊர்க் கடைத்தெருவில் தையற்கடை வைத்திருப்பவர்களில் பெரும்பாலோர் யார்? ஆண்கள்தானே! காஜா எடுக்கப் பழகுகிற பையனையும் பார்த்திருக்கிறோம். கூலிக்குத் தைத்தால் ஆண்தொழில், வீட்டில் ஊசி பிடித்தால் பெண்வேலை என்பது எந்த சாஸ்திரம்? சட்டைப் பொத்தான் தெறித்துவிட்டால் மனைவியைத் தேடி அடுப்படிக்கு ஓடுகிற பட்டதாரி, எத்தனை பட்டம் பெற்று என்ன பிரயோஜனம்? மகனுக்கும் ஊசி பிடிக்கக் கற்றுக்கொடுங்கள் என்று பெற்றோர்களை வற்புறுத்திச் சொல்லுவேன்.

எங்கள் வீட்டில் ஆச்சியின் மூன்றாவது சேலை இப்போது தைப்பில் இருக்கிறது. பன்னிரண்டு வரிசை முடிந்திருக்கிறது. அதில் ஏழாவது வரிசை பாதியில் புறப்பட்டு எட்டாவது வரிசையின் மேல் ஏறிப் போயிருக்கும். ஒன்பது வயதான என் மகன் போட்டது. பிரித்துவிட்டு நான் போடட்டுமா என்று அம்மாவிடம் கேட்டேன். பக்கத்தில் ஊசியோடு உட்கார்ந்திருந்த அத்தை முந்திக்கொண்டு, "அதுல கை வைக்காதே" என்றாள்.