போன பணம் திரும்புகிற வழி

அறந்தாங்கிப் பக்கத்து ஊராருக்கும், வெளிநாட்டுப் பணத்தை நம்பிக் குடும்பம் நடத்துகிற எல்லா வீட்டாருக்கும் சிங்கப்பூரிலிருந்து உங்கள் ஊர்ப் பிள்ளை ஒருவன் எழுதும் மடல்.

14 ஆண்டுகளாக இங்குள்ள தேக்காவில் ஞாயிற்றுக்கிழமை வரிசையில் நின்று ஊருக்குப் பணம் அனுப்பியவன் இவன். சிங்கப்பூர் வெள்ளிக்கு இன்று எத்தனை ரூபாய் என்று கடை கடையாக ஏறி இறங்கி, பத்துப் பைசா கூடத் தருகிற இடத்தில் கட்டியவன். அந்த வரிசையில் நிற்கும் தம்பிகளின் பேச்சில் இப்போது யூ.எஸ்.டி.டி. என்ற பெயர் அடிபடுகிறது. ஒரு டாலருக்கு ஒரு காயின் என்று மதிப்பு வைத்து வெளியிடப்படும் கிரிப்டோ அது. ரூபாயைக் காயினாக்கி, காயினை மறுபடி ரூபாயாக்கினால் நடுவில் கொஞ்சம் மிஞ்சும் என்கிற பேச்சு நம் ஊர் டீக்கடை வரைக்கும் வந்துவிட்டது. இந்த மடலை எழுதவைத்தது அந்தப் பேச்சுதான்.

இவனுடைய தங்கை மகன் பி.காம். இரண்டாம் ஆண்டு படிக்கிறான். 2024 ஆடியில் முதன்முதலாக 500 ரூபாய்க்கு பிட்காயின் வாங்கினான். முழுதாக ஒரு பிட்காயின் வாங்க வேண்டியதில்லை. ஒன்றைப் பத்துக் கோடிப் பங்காகப் பிரிக்கலாம், அந்தப் பங்குக்கு சடோஷி என்று பெயர். பான் கார்டு, ஆதார், ஒரு செல்ஃபி, பிறகு வங்கியிலிருந்து பணம். அன்று மாலைக்குள் காயின் அவன் கணக்கில் இருந்தது. சிலிண்டர் பதிவு செய்வதைவிடச் சுலபம் என்று மாமனுக்குப் போன் போட்டுச் சொன்னான்.

அந்தச் சுலபம்தான் தைரியம் கொடுத்தது. அம்மா சீட்டு எடுத்து வைத்திருந்த 40,000 ரூபாயைக் கேட்டு வாங்கி யூ.எஸ்.டி.டி. வாங்கினான். அதைக் காயின் வாங்கி விற்கும் தளமான எக்ஸ்சேஞ்சிடமே விற்காமல், ‘பி டு பி’ என்கிற ஆளுக்கு ஆள் விற்பனையில் முகம் தெரியாத ஒருவருக்கு விற்றான். காயினுக்கு இரண்டு ரூபாய் கூடக் கிடைத்தது. பணம் கணக்கில் விழுந்ததைப் பார்த்துவிட்டுத்தான் காயினை விடுவித்தான். அவன் அறிந்த அளவில் அதில் ஒரு குறையும் இல்லை.

பதினோராவது நாள் ஏ.டி.எம். பணம் தரவில்லை. வங்கிக்குப் போனால், வேறு மாநில சைபர் கிரைம் போலீஸ் கணக்கை முடக்கச் சொல்லியிருப்பதாகச் சொன்னார்கள். அவனுக்கு வந்த ரூபாய், எங்கோ ஒரு பெரியவரை ஆன்லைனில் ஏமாற்றிப் பறித்த பணம். கல்வி உதவித்தொகையும் அதே கணக்குக்குத்தான் வரும். சீட்டுப் பணத்தோடு அதுவும் சிக்கியது. தங்கை அன்று இரவு போனில் பேசவில்லை, அழுதாள்.

இது ஏன் நடக்கிறது என்பதை ஊரில் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும். வங்கியில் போன பணத்துக்குத் தடம் உண்டு. ஏமாந்தவர் 1930 எண்ணுக்கு அழைத்தால், பணம் எந்தெந்தக் கணக்கில் ஏறி இறங்கியது என்று பார்த்து ஒவ்வொன்றாக நிறுத்த முடியும். காயின் அப்படியல்ல. காயின் வைக்கிற ஒரு வாலட்டிலிருந்து இன்னொன்றுக்குப் போய்ப் பதிவாகிவிட்டால் அதைத் திரும்ப அழைக்க எந்த மேலாளரும் இல்லை. திருடனுக்குத் தேவை, தடமுள்ள ரூபாயை வாங்கிக்கொண்டு திரும்பாத காயினைக் கொடுக்கிற ஓர் அப்பாவி. அந்த இரண்டு ரூபாய் அதற்கான கூலி. காயின் போய்விடும், போலீஸ் வந்து நிற்கும் வாசல் நம் வீட்டு வாசலாக இருக்கும்.

பெரிய எக்ஸ்சேஞ்சில் வைத்திருந்தால் பயமில்லை என்று நினைப்பவர்கள் வசீர்எக்ஸ் கதையைக் கேளுங்கள். 2024 ஜூலை 18-ஆம் தேதி அந்த இந்திய எக்ஸ்சேஞ்சிலிருந்து சுமார் 23 கோடி டாலர் மதிப்புள்ள காயின்கள் திருடுபோயின. திருடுபோகாத காயின்களை வைத்திருந்தவர்களாலும் ஓராண்டுக்கு மேல் அவற்றை எடுக்க முடியவில்லை. தாய் நிறுவனம் சிங்கப்பூரில் பதிவானது என்பதால், சீரமைப்புத் திட்டம் இங்குள்ள உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. நம் ஊர்களில் சேமித்த பணத்தின் தலையெழுத்து, இவன் தினமும் ரயிலில் கடந்துபோகிற நகரத்தில் விசாரணைக்கு நின்றது. அந்த எக்ஸ்சேஞ்சில் காயின் வைத்திருந்த ஒருவர் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார். கிரிப்டோவும் சொத்துதான் என்று 2025 அக்டோபரில் நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ் தீர்ப்பளித்தார். பெரிய ஆறுதல் அது. ஆனாலும் வங்கி வைப்புக்கு 5 லட்சம் ரூபாய் வரை இருக்கிற காப்பீடு காயினுக்குக் கிடையாது.

அடுத்து வரி. 2022 ஏப்ரல் முதல் கிரிப்டோ லாபத்துக்கு 30 சதவீத வரி, அதன் மேல் 4 சதவீத செஸ். 2022 ஜூலை முதல் விற்கும்போது 1 சதவீதம் டி.டி.எஸ்.; ஒரு லட்சத்துக்கு விற்றால் 1,000 ரூபாய் பிடித்துக்கொண்டுதான் தருவார்கள். நஷ்டத்துக்கு விற்றாலும் பிடிப்பார்கள். வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்துதான் அதைக் கேட்டுப் பெற வேண்டும். ஒரு காயினில் 5,000 ரூபாய் லாபம், இன்னொன்றில் 5,000 ரூபாய் நஷ்டம் என்று வையுங்கள். கையில் ஒன்றும் மிஞ்சவில்லை. சட்டமோ நஷ்டத்தைக் கழிக்க விடாது. லாபத்துக்கு 1,560 ரூபாய் கட்டியாக வேண்டும். இதற்கு மேல் வாங்கும்போதும் விற்கும்போதும் கட்டணம், கட்டணத்துக்கு ஜி.எஸ்.டி.

இவ்வளவு கேட்ட பிறகும் ஒருமுறை செய்து பார்க்க வேண்டும் என்கிற தம்பிகளை இவன் தடுக்கவில்லை. சட்டமும் தடுக்கவில்லை; வங்கிகள் கிரிப்டோவைத் தொடக் கூடாது என்ற ரிசர்வ் வங்கியின் 2018 சுற்றறிக்கையை உச்ச நீதிமன்றம் 2020 மார்ச் 4-ஆம் தேதி ரத்து செய்துவிட்டது. முதல்முறை மட்டும் இப்படிச் செய்யுங்கள். மத்திய அரசின் நிதிப் புலனாய்வுப் பிரிவில் பதிவு செய்த எக்ஸ்சேஞ்ச்தானா என்று பாருங்கள். போனாலும் அடுப்பு எரியும் என்கிற அளவுக்குச் சின்னத் தொகை போடுங்கள், 500 போதும். வாங்கியதை அங்கேயே விற்று, உங்கள் பெயரிலுள்ள கணக்குக்கே ரூபாயாகத் திரும்ப எடுங்கள். போட்டது எவ்வளவு, திரும்பியது எவ்வளவு, எத்தனை நாளில் என்று நோட்டில் எழுதுங்கள். பணம் போகிற வழியை எல்லோரும் காட்டுவார்கள். அது திரும்புகிற வழியில் ஒருமுறையாவது நீங்களே நடந்து பார்த்திருக்க வேண்டும்.

காயினை வெளி வாலட்டுக்கு அனுப்புவது இன்னொரு படி; அவசரப்படாதீர்கள். ஒரே யூ.எஸ்.டி.டி. பல நெட்வொர்க்குகளில் ஓடுகிறது. டிரான் முகவரி ‘டி’ (T) எழுத்தில் தொடங்கும், எத்தீரியம் முகவரி பூஜ்யமும் எக்ஸும் சேர்ந்து தொடங்கும். மாற்றி அனுப்பினால் பணம் பெரும்பாலும் போனதுதான். வாலட்டை மீட்டெடுக்க அது தருகிற 12 அல்லது 24 சொற்களைக் காகிதத்தில் எழுதிப் பெட்டியில் வையுங்கள், போட்டோ எடுக்க வேண்டாம். யார் கேட்டாலும் சொல்லாதீர்கள்.

பிள்ளைகளின் சம்பளப் பணத்தைக் காயின் வழியாக வாங்க நினைக்கும் குடும்பங்களுக்கு ஒரு சேதி. சிங்கப்பூரின் பேநவ்வும் நம் யூ.பி.ஐ.யும் 2023 பிப்ரவரி 21 முதல் இணைந்திருக்கின்றன. போனிலிருந்து போனுக்கு, முறையான வழியில் பணம் வருகிறது. இவன் இப்போது அப்படித்தான் அனுப்புகிறான். காயின் வழியில் இரண்டு ரூபாய் கூட வரும் என்று பிள்ளை சொன்னால், வேண்டாம் என்று நீங்கள் சொல்லுங்கள். அந்த ரூபாய் யாருடையது என்று உங்களுக்குத் தெரியாது.

தங்கை மகனின் கணக்கு ஏழு மாதம் கழித்துத் திறந்தது. ஒவ்வொரு விற்பனையின் விவரத்தையும் பக்கம் பக்கமாக எடுத்து, மனு எழுதி, அந்த மாநில போலீஸுக்குத் தபாலிலும் மின்னஞ்சலிலும் அனுப்பினான். அந்தக் காகிதங்களை ஒரு கட்டாகக் கட்டி வைத்திருக்கிறான். தை பிறப்பதற்கு முன் இவன் ஊருக்கு வருகிறான். மாலை ஆறு மணிக்கு மேல் தங்கை வீட்டுத் திண்ணையில் மாமனும் மருமகனும் உட்கார்ந்திருப்பார்கள். கணக்கு முடங்கியவர்கள் பாஸ்புக்கோடு வாருங்கள். மனு எழுத அவன் உதவுவான். முதல்முறை வாங்கப்போகிறவர்கள், வாங்குவதற்கு முன்பே வாருங்கள்.

இப்படிக்கு,
தேக்காவிலிருந்து உங்கள் ஊர்ப் பிள்ளை