சும்மா நடக்கப் போனேன்

டிசம்பர் மாதம். இங்கிலாந்தின் ஏரி மாவட்டத்தில், கிராஸ்மியர் ஏரிக்கும் ரைடல் ஏரிக்கும் நடுவே, காட்டுப் பாதையில் தனியாக நடந்துகொண்டிருந்தேன். இலையுதிர்ந்த ஓக் மரங்கள், காலடியில் உறைந்த சேறு. எதிரே நாயோடு வந்த பெரியவர் அன்பாகத்தான் கேட்டார்: "தனியாகவா வந்திருக்கிறீர்கள்? நாலு மணிக்கெல்லாம் இருட்டிவிடுமே." எனக்குப் பத்தடி முன்னால் தனியாகப் போன இளைஞனிடம் அவர் குளிரைப் பற்றி மட்டும்தான் பேசினார். இரவு போனில் அம்மாவும் அதையே கேட்டாள்: "கூட யாருடி வந்தா?"

இந்தக் கேள்விக்கு வயது அதிகம். 1794இல் டோரதி வேர்ட்ஸ்வொர்த் அண்ணன் வில்லியமோடு இதே பகுதியில் நடந்தே ஊர் சுற்றினார். அண்ணன் கூட இருந்தும் உறவுக்கார அம்மாள் ஒருவர் கண்டித்துக் கடிதம் எழுதினார். இயற்கை தந்த பலத்தைப் பயன்படுத்தியதற்குப் பாராட்டுவீர்கள் என்றல்லவா நினைத்தேன், வண்டிச் செலவில் முப்பது ஷில்லிங்காவது மிச்சம் என்று டோரதி பதில் எழுதினார். 1818இல் தோழி மேரி பார்க்கரோடு இங்கிலாந்தின் மிக உயர்ந்த சிகரமான ஸ்கேஃபெல் பைக்கில் ஏறினார். அந்த ஏற்றத்தைப் பற்றி அவர் எழுதியதை வில்லியம் தன் வழிகாட்டி நூலில் சேர்த்துக்கொண்டார், தங்கையின் பெயரைப் போடாமல்.

"உன் பாதுகாப்புக்காகத்தானே சொல்கிறோம்" என்பார்கள். யாரிடமிருந்து? பனியில் கால் வழுக்கும், இருட்டில் வழி தவறும். அது ஆணுக்கும் உண்டு; நல்ல காலணியும் டார்ச்சும் வரைபடமும் அதற்குப் போதும். பெண்ணுக்கு மட்டும் சொல்லப்படும் ஆபத்து ஏரியில் இல்லை, காட்டில் இல்லை. அதன் பெயர் ஆண். 1970களில் வட இங்கிலாந்தில் ஒருவன் பெண்களைத் தொடர்ந்து கொன்றபோது, இருட்டிய பின் வெளியே வராதீர்கள் என்று காவல்துறை பெண்களிடம்தான் சொன்னது. 1977 நவம்பரில் லீட்ஸ் நகரத்துப் பெண்கள் இரவில் தெருவில் இறங்கி ஊர்வலம் போனார்கள். குற்றம் செய்பவன் ஆண் என்றால் ஊரடங்கு யாருக்குப் போட வேண்டும், தோழி?

நம் ஊர் மார்கழியை நினைத்துப் பாருங்கள். விடியாத இருட்டில், பனியில், பெண் தெருவில் தனியாகக் குனிந்து கோலம் போடுகிறாள். பூ மார்க்கெட்டுக்குப் போகிறாள். தெருக் கூட்டப் போகிறாள். மலையில் விறகுக்காகக் காட்டுக்குள் போகிறாள். அப்போதெல்லாம் "கூட யாரு?" என்று கேட்பாரில்லை. வேலை என்றால் இருட்டும் காடும் பரவாயில்லை. சும்மா நடக்கிறேன் என்றால்தான் எல்லோருக்கும் கவலை வருகிறது. ஆக, அவர்கள் காவல் காப்பது நம் உடம்பை மட்டுமல்ல, நம் நேரத்தையும்.

எனக்குப் பயமே இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். திரும்பும் வழியில் பின்னால் காலடிச் சத்தம் கேட்டதும் சாவியை விரல்களுக்கு நடுவே இறுக்கிக்கொண்டேன். வந்தவள் தனியாக ஓடிப் பழகும் ஒரு பெண். கையசைத்துவிட்டுக் கடந்து போனாள். அவளும் என்னைத் தூரத்தில் பார்த்தபோது ஆணா பெண்ணா என்று உற்றுப் பார்த்திருப்பாள்.

அந்தப் பயத்தை எங்களுக்குக் கற்றுக்கொடுத்தது போதும். அறிவுரை சொல்ல ஆசைப்படுகிறவர்கள் இனி அதை மகன்களிடம் சொல்லட்டும். துணை தேடச் சொல்லாதீர்கள், பேருந்து விடுங்கள், கழிப்பறை கட்டுங்கள், புகார் கொடுத்தால் "அங்கே ஏன் போனாய்?" என்று கேட்காமல் எழுதிக்கொள்ளுங்கள்.

அடுத்த ஞாயிறும் போகிறேன். காரணம் கேட்டால், சும்மாதான்.