பிந்தி வந்த மாணாக்கர்

ஓய்வூதியம் வாங்கத் தொடங்கிய பிறகு அஞ்சல்வழியில் தமிழ் முதுகலைக்குப் பணம் கட்டியவர்கள், பிள்ளைகளை வேலைக்கு அனுப்பிவிட்டு யாப்பிலக்கணம் கேட்க வருகிற பெண்கள், வாரமெல்லாம் தொழிற்சாலையில் நின்றுவிட்டு ஞாயிற்றுக்கிழமை சிறுகதைப் பட்டறைக்குப் போகிறவர்கள் எனத் திருச்சியில் இன்று ஒரு கூட்டம் உண்டு. மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, நாற்பது பக்க நோட்டில் சீர் பிரித்துப் பார்க்கும் அவர்களுடைய முகத்தில் அக்கறையோடு ஒரு கூச்சமும் தெரிகிறது. “இந்த வயசுல எதுக்குப் படிப்பு?” என்ற கேள்வியை வீட்டில் ஒருமுறையாவது கேட்டுவிட்டுத்தான் அவர்கள் வந்திருப்பார்கள். ஆனால், காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே கிடக்கும் இந்த மண்ணில் அந்தக் கூச்சத்துக்கு வேலையே இல்லை. தமிழ் உரைநடையின் மாபெரும் செல்வங்களுள் ஒன்றான வைணவ வியாக்கியானங்கள் இங்கேதான் பிறந்தன. அந்த உரை மரபை வளர்த்தவர்களில் சிலர் காலம் கடந்து பாடம் கேட்க வந்தவர்கள்.

இராமானுசரையே எடுத்துக்கொள்ளலாம். இல்லறத்தைத் துறந்து, கற்றவர் மதிக்கும் ஆசானாகத் திருவரங்கத்துக்கு வந்த பிறகுதான் திருமாலையாண்டானிடம் திருவாய்மொழிக்குப் பொருள் கேட்க உட்கார்ந்தார். வெறுமனே தலையாட்டிய மாணாக்கரும் அல்லர் அவர். ஆசிரியர் சொன்ன பொருளுக்கு மேலே தமக்குப் பட்ட பொருளை எடுத்துவைத்தார். ஆசிரியர் மனம் வருந்திப் பாடத்தையே நிறுத்திவிட, திருக்கோட்டியூர் நம்பி இடையில் வந்து இருவரையும் சேர்த்துவைத்ததாகக் குருபரம்பரை நூல்கள் சொல்கின்றன. வளர்ந்தவருக்குப் பாடம் சொல்வதில் உள்ள இடர் அன்றும் இருந்தது. வாழ்ந்து பார்த்த மனம் கேள்வியோடுதான் வரும். அந்தக் கேள்வியைத் தாங்கிக்கொண்ட வகுப்பில்தான் உரை வளர்ந்தது.

அவருக்குப் பின் நஞ்சீயர். கன்னட நாட்டுத் திருநாராயணபுரத்தில் செல்வமும் வடமொழிப் புலமையும் குறைவற இருந்தவர். பராசர பட்டரிடம் வாதத்தில் தோற்று, பின்னர் சொத்தைப் பங்கிட்டுக் கொடுத்து, துறவு பூண்டு அரங்கம் வந்து சேர்ந்தார். நடுவயது கடந்து ஆழ்வார்களின் தமிழைக் கேட்டுக் கற்று, திருவாய்மொழிக்கு ஒன்பதினாயிரப்படி என்ற உரையையும் எழுதினார். அதை நல்ல கையெழுத்தில் படியெடுக்க நம்பூர் வரதராசர் என்பவரிடம் கொடுத்தார். ஏட்டுக்கட்டோடு காவிரியைக் கடக்கையில் வெள்ளம் வந்து ஏடுகளை அடித்துக்கொண்டு போயிற்று. வரதராசர் புதிய ஓலைகளை எடுத்து, கேட்டதை நினைவிலிருந்து எழுதினார். தமக்குத் தோன்றிய நயங்களையும் சில இடங்களில் சேர்த்தார். படித்துப் பார்த்த நஞ்சீயர் வேறுபாட்டைக் கண்டுகொண்டார், நடந்ததைக் கேட்டறிந்தார், சினம் கொள்ளாமல் அவரை “நம்பிள்ளை” என்று தழுவிக்கொண்டார். எழுதக் கற்பிப்பவர் எவரும் மறக்கக்கூடாத நிகழ்ச்சி இது. பிற்காலத்தில் நம்பிள்ளை பகலில் சொன்ன பாடத்தை வடக்குத் திருவீதிப் பிள்ளை இரவில் ஓலையில் பதிந்து வைத்தார். அதுவே முப்பத்தாறாயிரப்படி என்னும் ஈடு.

எனினும் இந்த வரிசையில் என் மனம் தங்குவது ஒரு மடைப்பள்ளிக்காரரிடம். நம்பிள்ளையின் மாணாக்கரான பெரியவாச்சான் பிள்ளையின் திருமாளிகையில் சமையல் செய்துகொண்டிருந்தவர். முப்பத்திரண்டு வயதுவரை எழுத்து வாசனை அறியாதவர். ஒருநாள் அங்கே கூடியிருந்த புலவர்கள் ஏதோ ஒரு நூலை அலசிக்கொண்டிருந்தார்கள். கரண்டியைக் கீழே வைத்துவிட்டு வந்து, என்ன நூல் என்று கேட்டார். உனக்கென்ன தெரியும் என்ற ஏளனத்தில், “முசலகிசலயம்” என்றார்கள். உலக்கையிலே துளிர்த்த கொழுந்து என்று பொருள். அப்படி ஒரு நூலே கிடையாது. அவர் அதை மெய்யென்று நம்பிப் பெரியவாச்சான் பிள்ளையிடம் போய்ச் சொன்னார். ஆசிரியருக்கு நடந்தது புரிந்தது. அன்று தொடங்கி அவருக்கு எழுத்திலிருந்து கற்பித்தார். சில ஆண்டுகளில் அந்தச் சமையற்காரர் முசலகிசலயம் என்ற பெயரிலேயே ஒரு நூல் செய்து, சிரித்தவர்கள் முன் வைத்தார் என்பது மரபு. வாதிகேசரி அழகிய மணவாள சீயர் என்று இன்று நாம் போற்றுபவர் அவரே.

குருபரம்பரைக் கதைகளைக் கல்வெட்டைப் போல நம்பிவிட முடியாதுதான். ஆனால் அவர் எழுதிய பன்னீராயிரப்படி நம் கையில் இருக்கிறது. மற்ற உரைகள் நயங்களில் திளைக்க, இவருடைய உரை திருவாய்மொழியைச் சொல் சொல்லாகப் பிரித்துப் பதப்பொருள் சொல்கிறது. இது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. ஒரு சொல்லின் பொருள் தெரியாமல் அவையில் நிற்பது எத்தகைய துன்பம் என்று அனுபவித்து அறிந்தவர், தமக்குப் பின்னால் வருபவருக்கு அந்தத் துன்பம் வேண்டாம் என்று எண்ணியிருக்க வேண்டும்.

இந்தப் பெருமையோடு சேர்ந்து நமக்குக் கைமாறி வந்த குறை ஒன்றும் உண்டு. திருவரங்கத்து வீதிகளின் திண்ணைகள் எல்லோருக்கும் திறந்திருக்கவில்லை. பிறப்பால் விலக்கப்பட்டவர்கள் எத்தனை பேர், பாடம் நடந்த கூடத்துக்கு அப்பால் அடுக்களையில் நின்று காதில் விழுந்ததை மட்டும் பெற்ற பெண்கள் எத்தனை பேர்! ஈடும்கூடப் பல தலைமுறைகள் ஆசிரியர் ஒருவர், மாணாக்கர் ஒருவர் என்றே கைமாறி வந்து, பதினைந்தாம் நூற்றாண்டில் மணவாள மாமுனிகள் அரங்கன் திருமுன்பு ஏறக்குறைய ஓராண்டு விரித்துரைத்தபோதுதான் பலர் செவிக்கு எட்டியது.

மலைக்கோட்டைப் பக்கம் வந்தால், பத்தொன்பதாம் நூற்றாண்டில் அதே கதை வேறு உடையில் நடக்கிறது. திரிசிரபுரம் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை (1815–1876) இளமையில் தண்டியலங்காரம் கற்க ஆசைப்பட்டார். அதை அறிந்தவர் ஊரில் பிச்சையெடுத்துத் திரிந்த பரதேசி ஒருவர். அவர் பின்னாலேயே தெருத்தெருவாக நடந்து, வேண்டியதைச் செய்துகொடுத்துப் பாடம் கேட்டார் பிள்ளை. அப்படிப் பெற்றதை அவர் பூட்டிவைக்கவில்லை. உ.வே. சாமிநாதையருக்குச் சொன்ன அதே மனத்தோடு கிறித்தவரான சவரிராயலு நாயகருக்கும் இசுலாமியரான நாகூர் குலாம் காதிறு நாவலருக்கும் பாடம் சொன்னார். அவர் குளத்துக்கோவை பாடியது திருச்சியை அடுத்த குளத்தூரில் பிறந்த வேதநாயகம் பிள்ளைமீது. நீதிமன்றக் கட்டுகளுக்கு நடுவே தமிழை விடாமல் பயின்ற அந்த முன்சீப், பதவியிலிருந்து விலகிய பின் 1879-இல் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ வெளியிட்டபோது வயது ஐம்பத்து மூன்று. தமிழின் முதல் நாவலாக அதைத்தான் எண்ணுகிறோம்.

இன்று கட்டணமும் சான்றிதழும் பருவத் தேர்வும் வந்துவிட்டன. ஓலைக்குப் பதில் கைப்பேசியில் குறிப்பெடுக்கிறார்கள். அவை பெரிய மாற்றங்கள் அல்ல. இன்னும் நூறாண்டில் அவையும் மாறும். உண்மையில் பெரிய மாற்றம், அன்று அடுக்களையில் நின்றவர் இன்று முன்வரிசையில் நோட்டைப் பிரித்து உட்கார்ந்திருப்பதுதான். எண்ணூறு ஆண்டுகளாக இந்த ஊர் செய்துவந்த வேலையில் அரைகுறையாக நின்ற பகுதி அவரால்தான் நிறைவேறுகிறது.

ஆகவே, திருச்சியிலும் திருவரங்கத்திலும் ஓய்வுபெற்று வீட்டில் இருக்கும் தமிழாசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறேன்: வாரத்தில் ஒரு மாலையை ஒதுக்குங்கள். உங்கள் கூடத்தில் நான்கு பேர் உட்கார இடமிருந்தால் போதும். ஐம்பது வயதில் ஒருவர் வந்து நேரிசைக்கும் இன்னிசைக்கும் என்ன வேறுபாடு என்று கேட்டால், வயதைக் கேட்காமல் பாடத்தைத் தொடங்குங்கள்.