பசுவை விற்றுவிடு என்று சொல்லும் முன்...

கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போய்த் திரும்பும் நம் சங்கத்துக் குடும்பங்கள் ஜூலை மாதக் கூட்டத்தில் பேசிக்கொள்வதைக் கவனித்திருப்பீர்கள். முதலில் மாம்பழப் பேச்சு. அடுத்து, திரும்பும் ரயிலில் இடம் கிடைக்காமல் பட்ட பாடு. மூன்றாவதாக, குரலைச் சற்றுத் தாழ்த்திக்கொண்டு, "அம்மாவால் இனி முடியாது. மாட்டை விற்றுவிடச் சொல்லிவிட்டு வந்திருக்கிறோம்" என்பார்கள். சுற்றி நிற்பவர்களும் "நல்ல காரியம் செய்தீர்கள்" என்று தலையசைப்பார்கள்.

அந்தத் தலையசைப்பில் எனக்கு உடன்பாடில்லை. அதைச் சொல்லவே இக்கட்டுரை.

என் ஊர் குமரி மாவட்டத்தில், மார்த்தாண்டத்துக்குப் பக்கம். தில்லிக்கு வந்து முப்பது வருடங்கள் ஆகின்றன. ஊரில் அம்மா இருக்கிறார். வயது எழுபத்து மூன்று. துணைக்கு ஒரு பசு, ஒரு கன்று, ஏழெட்டுக் கோழிகள், ஒரு நாய், ரப்பர் மரங்களுக்கு நடுவே ஆறு தேன்பெட்டிகள். அண்ணன் புனேயில் இருக்கிறார், தங்கை ராஞ்சியில். இருவரும் "எல்லாவற்றையும் விற்றுவிட்டு அம்மா நிம்மதியாக இருக்கட்டும்" என்னும் கட்சி.

அவர்கள் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு மழைக்காலத்தில், நாய் குரைத்ததில் பசு மிரண்டு கயிற்றை வெட்டி இழுத்துவிட்டது. தொழுவத்துச் சேற்றில் அம்மா வழுக்கி விழுந்தார். மணிக்கட்டு எலும்பு முறிந்து, ஆறு வாரம் மாவுக்கட்டு. பெற்ற பிள்ளைகள் மூவரும் ஆயிரக்கணக்கான மைல் தள்ளி இருக்கையில் மனம் பதறத்தான் செய்யும். பதறிய மனத்துக்கு முதலில் தோன்றும் வழி, விற்றுவிடு என்பதுதான். ஆனால் அந்தப் பசு நம் அம்மாவுக்கு என்னவெல்லாம் செய்கிறது என்று எண்ணிப் பார்த்த பிறகல்லவா அந்த வார்த்தையைச் சொல்ல வேண்டும்?

பால் கறப்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். விடியுமுன் அம்மா எழுந்து, கன்றை அவிழ்த்துவிட்டு, மடியைக் கழுவிக் கறக்க உட்கார்கிறார். முதல் பீச்சு வெறும் பாத்திரத்தில் விழும் ஓசையைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அதன் அருமையை நான் விளக்க வேண்டியதில்லை. ஆறு மணிக்குள் நான்கு வீட்டார் தூக்குப்பாத்திரத்தோடு வந்துவிடுவார்கள். பால் வாங்கும் சாக்கில் ஊர்க்கதை. "என்ன, முகம் வாடியிருக்கு, ராத்திரி உறங்கலியா?" என்று ஒரு விசாரிப்பு. ஒரு நாள் அம்மா கதவைத் திறக்கவில்லை என்றால் ஆறேகாலுக்குள் தெரு முழுவதும் தெரிந்துவிடும். மாட்டை விற்றபிறகு அந்தக் கதவைத் தினமும் தட்டப்போவது யார்? நாமா? நாம் ஞாயிற்றுக்கிழமைதோறும் தொலைபேசியில் பேசுகிறோம்.

அண்ணன் விற்கச் சொன்னபோது அம்மா கேட்டது ஒரே கேள்வி: "பசுவ வித்துட்டா நான் காலத்த எதுக்கு எழும்பணும் மக்களே?" அண்ணனிடம் பதில் இல்லை.

தேன்பெட்டிகளை அண்ணன் "அம்மாவின் பொழுதுபோக்கு" என்பார். எங்கள் பக்கம் தேனீ வளர்ப்பு பொழுதுபோக்காக வந்ததல்ல. 1920களில் ஒய்.எம்.சி.ஏ. சார்பில் ஸ்பென்சர் ஹேட்ச் என்ற அமெரிக்கர் மார்த்தாண்டத்தில் கிராமப் புனரமைப்பு மையம் நடத்தினார். ஏழைக் குடும்பங்கள் வீட்டு முற்றத்திலேயே செய்யக்கூடிய தொழில்களில் ஒன்றாக அங்கே தேனீ வளர்ப்பும் கற்பிக்கப்பட்டது. பிறகு ரப்பர் தோட்டங்கள் பெருகியது இத்தொழிலுக்குக் கைகொடுத்தது. ரப்பர் மரம் இலையுதிர்த்துத் தளிர்விடும் ஜனவரி முதல் மார்ச் வரைதான் எங்களுக்குத் தேன் காலம். அந்தத் தேன் பூவிலிருந்து வருவதில்லை. தளிரின் இலைக்காம்பு நுனியில் உள்ள சுரப்பிகளிலிருந்து வருகிறது. இதைச் சொன்னால் தில்லி நண்பர்கள் நம்புவதில்லை.

1991-92இல் தென்னிந்தியாவில் அடுக்குத் தேனீக்களைச் சேக்புரூட் என்னும் வைரஸ் நோய் தாக்கியது. புழுக்கள் கூட்டுப்புழுவாக மாறாமலே, நீர் கோத்த பைபோல் ஆகி அறையிலேயே செத்துவிடும். தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் பெரும்பாலான கூட்டங்கள் அழிந்தன. எங்கள் வீட்டில் நாற்பது பெட்டிகளில் மிஞ்சியவை மூன்று. அப்பா ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து பார்த்து மூடிவிட்டு, திண்ணையில் வந்து பேசாமல் உட்கார்ந்திருந்தார். அந்த ஆண்டு என் கல்லூரிக் கட்டணத்துக்கு அம்மாவின் வளையல் அடகுக்குப் போனது. மிஞ்சிய மூன்றைப் பிரித்துப் பிரித்துத்தான் மறுபடி பெட்டிகள் நிறைந்தன. அதைச் செய்தவர் அம்மா. இதைத்தான் பொழுதுபோக்கு என்கிறோம்!

சரி, ஆபத்தே இல்லையா? இருக்கிறது. அதை மறைத்துவிட்டுக் கிராமத்தை வெறும் சொர்க்கமாகப் பாடுபவர்களோடும் எனக்கு ஒத்துப்போகாது.

தேனீயிலிருந்தே தொடங்குகிறேன். விடுமுறைக்கு வரும் நம் பிள்ளைகள் கறுப்புச் சட்டையும் சென்ட் வாசனையுமாகப் பெட்டியருகே போய் நிற்பார்கள். இரண்டுமே தேனீக்களைச் சீண்டும். ஒரு தேனீ கொட்டினால் அந்த இடத்தில் வாழைப்பழ வாடைபோல ஒரு வாடை பரவும். மற்ற தேனீக்களுக்கு அது 'இங்கே வா' என்ற அழைப்பு. கையை வீசி அடித்தால் இன்னும் மோசம். பேசாமல் விலகி வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்த வேண்டும். கொடுக்கு தோலில் குத்தி நிற்கும், நஞ்சுப்பை அதோடு ஒட்டியிருக்கும். நகத்தாலோ எதனாலோ உடனே எடுத்துவிட வேண்டும். உதடு வீங்கினாலும், மூச்சு இழுத்தாலும், உடம்பெங்கும் தடித்தாலும் கைவைத்தியம் பார்க்க நேரமில்லை, ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். கதண்டு என்றும் எங்கள் பக்கம் கடந்தை என்றும் சொல்லும் பெருங்குளவி இதைவிடப் பொல்லாதது. அது ஒன்றே பலமுறை கொட்டும். அதன் கூட்டைக் கலைக்கத் தீயணைப்புத் துறையினரைத்தான் அழைக்க வேண்டும். தீப்பந்தத்தோடு நாமே கிளம்பக் கூடாது.

தேனிலும் ஒரு எச்சரிக்கை உண்டு. பிறந்த குழந்தைக்குச் சேனை வைப்பதாகத் தேனைத் தொட்டு நாவில் தடவுவது நம் வழக்கம். ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் கூடாது. அதில் இருக்கக்கூடிய ஒருவகை நுண்ணுயிர் பச்சைக்குழந்தையின் குடலில் வளர்ந்து நஞ்சை உண்டாக்கும். சுத்தமான தேன் என்பதால் இந்த ஆபத்து போய்விடுவதில்லை. பாட்டிமார் கோபித்துக்கொள்ளலாம், பக்குவமாகச் சொல்லுங்கள்.

பாம்பு விஷயம் இன்னும் பெரிது. 2000 முதல் 2019 வரையிலான இருபது ஆண்டுகளில் இந்தியாவில் சுமார் 12 லட்சம் பேர் பாம்புக்கடியால் இறந்திருக்கலாம் என்று 2020இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. வைக்கோல் போரும் தானியமும் இருக்கும் இடத்துக்கு எலி வரும், எலியைத் தேடிப் பாம்பு வரும். கட்டுவிரியன் இரவில் தரையில் படுத்திருப்பவர்களைக் கடிக்கும். பல நேரம் வலியே இராது. காலையில் வயிற்றுவலி, கண்ணிமை சொருகல் என்று தொடங்கும்போதுதான் தெரியும். கட்டிலில் படுத்து, கொசுவலையைப் பாய்க்கு அடியில் செருகிக்கொண்டாலே பாதி ஆபத்து விலகும். கடித்துவிட்டால் கீறுவது, உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது எதுவும் வேண்டாம். கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும். நஞ்சுமுறி மருந்து அங்கேதான் இருக்கிறது.

நாய்க்கடிக்கும் ஒரு வார்த்தை. தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்று நம் தலைமுறைக்கு இருந்த பயத்தில் இன்றும் சிலர் கடிபட்டதை மறைக்கிறார்கள். அந்தப் பழைய மருந்து இந்தியாவில் 2005ஆம் ஆண்டுக்குள் கைவிடப்பட்டுவிட்டது. இப்போது தோளில் சில ஊசிகள்தான். காயத்தைச் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் ஓடும் நீரில் கழுவிவிட்டு அன்றே ஊசிக்குப் போக வேண்டும். காபிப்பொடியும் மிளகாய்ப்பொடியும் அடுப்படியிலேயே இருக்கட்டும். வெறிநோயின் அறிகுறி தோன்றிவிட்டால் பிழைப்பது அநேகமாக இல்லை.

இத்தனையும் அறிந்துதான் சொல்கிறேன்: ஆபத்தைக் குறைப்பது வேறு, ஆளையே ஒடுக்குவது வேறு. தில்லிச் சாலையில் ஆபத்து இருக்கிறது என்று நாம் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் இருப்பதில்லை. சாலையைக் கடக்கக் கற்றுத் தருகிறோம். பெற்றோர் விஷயத்தில் மட்டும் ஏன் உடனே கதவைச் சாத்துகிறோம்? காரணத்தை வெளிப்படையாகச் சொன்னால், விற்பதில் நம் கவலை தீர்ந்துவிடுகிறது. அவர்கள் காலைப்பொழுது காலியாவது நம் கண்ணுக்குத் தெரிவதில்லை.

அம்மாவின் கை குணமானதும் நான் ஊரில் மூன்று வாரம் தங்கினேன். தொழுவத்துத் தரையைச் செப்பனிட்டு, மாடு வழுக்காதிருக்க ரப்பர் பாய் விரித்தோம். அடுக்களை வாசலிலேயே சுவிட்ச் வைத்து, தொழுவத்துக்கும் வழிக்கும் விளக்குப் போட்டோம். அம்மாவுக்கு முழங்கால் வரை வரும் பூட்ஸும் ஒரு நல்ல டார்ச்சும் வாங்கினோம். பூட்ஸைப் பார்த்து முதலில் சிரித்தார், இப்போது அதில்லாமல் இறங்குவதில்லை. வைக்கோல் போரை வீட்டுச் சுவரை விட்டுத் தள்ளிப் போட்டோம். பசுவை அவிழ்த்துக் கட்டவும் புல் அறுக்கவும் பக்கத்து வீட்டுப் பையனுக்குச் சம்பளம் பேசினோம். கறப்பது மட்டும் அம்மா. பசுவுக்குக் காப்பீடு எடுத்தோம். கோமாரித் தடுப்பூசியை அரசு இலவசமாகவே போடுகிறது, தேதியை நினைவூட்டும் பொறுப்பைத் தங்கை ஏற்றாள். மாதச் செலவை மூவரும் பங்கிட்டுக்கொள்கிறோம். அண்ணன் இன்னும் மனம் மாறவில்லை. ஆனால் தன் பங்கைத் தவறாமல் அனுப்புகிறார். அவர் மகள் சென்ற விடுமுறையில் அடைக்கோழி முன் உட்கார்ந்து நாள்காட்டியில் கோடு போட்டு, இருபத்தோராம் நாள் குஞ்சு ஓட்டை உடைத்தபோது போட்ட கூச்சலை அவரே கைப்பேசியில் படம் பிடித்து வைத்திருக்கிறார்.

எந்தக் காலத்திலும் விற்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. "இனி என்னால் ஆகாது" என்று அவர்களே சொல்லும் நாள் வரலாம். கண்பார்வையும் நினைவும் குறையும் நாளும் வரலாம். அப்போது தரகரைத் தொலைபேசியில் பிடித்து விலை பேசாதீர்கள். நேரில் போங்கள். ஊருக்குள்ளேயே வளர்க்கப் போகிறவர் கையில் கொடுங்கள், போகவர எட்டிப் பார்க்கும் தூரத்தில் இருக்கட்டும். தேன்பெட்டிகளைத் தொழில் தெரிந்த இளைஞர் யாருக்காவது பங்குக்கு விடுங்கள்.

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது முதல் இரண்டு நாள் எதையும் முடிவு செய்யாமல், விடியற்காலையில் எழுந்து அவர்களோடு தொழுவம் வரை நடந்து பாருங்கள். எங்கே வழுக்குகிறது, எங்கே இருட்டாக இருக்கிறது, எதைத் தூக்கும்போது மூச்சு வாங்குகிறார்கள் என்று பாருங்கள். பிறகு, "விற்றுவிடுங்கள்" என்று அறிவிக்காமல், "என்ன செய்து தரட்டும்?" என்று கேளுங்கள்.