சிரித்த முகம் நல்ல நர்ஸுக்குச் சாட்சி அல்ல

"டாக்டர் தங்கமான மனுஷன். அந்த நர்ஸுதான் எரிஞ்சு எரிஞ்சு விழுறா." ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய எந்தக் குடும்பத்திடம் பேச்சுக் கொடுத்தாலும் இந்த வாக்கியம் வந்துவிடும். சிரித்துப் பேசினால் நல்ல நர்ஸ், சிடுசிடுத்தால் கெட்ட நர்ஸ் என்று ஊரே தீர்ப்பு எழுதி வைத்திருக்கிறது. புகார் என்று ஒன்று கிளம்பினால் அதுவும் 'மரியாதை இல்லாமல் பேசினார்' என்பதில் தொடங்கி அதிலேயே முடிந்துபோகிறது. இந்த நம்பிக்கை தவறு. நோயாளியின் உயிருக்கே கேடு செய்யும் தவறு. முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் நாம் அந்தக் கை என்ன செய்கிறது என்பதைக் கவனிப்பதே இல்லை.

எந்த நர்ஸ் மீது நம் வீட்டாருக்குக் கோபம் வருகிறது என்று பாருங்கள். ஆபரேஷனுக்குக் காத்திருக்கும் பெரியவர் தொண்டை வறண்டு கெஞ்ச, மகன் நீட்டும் டம்ளரைத் தட்டிப் பறிப்பவர் மீது. மயக்க மருந்து கொடுக்கும்போது வயிற்றில் இருப்பது மேலேறி மூச்சுக்குழாய்க்குள் போய்விட்டால் உயிரே போகலாம். அதற்காகத்தான் அந்தப் பறிப்பு. பேரனின் நாக்கில் சேனை வைக்க வந்த பாட்டியிடமிருந்து சர்க்கரைத் தண்ணீரை வாங்கிக் கொட்டுபவர் மீது. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால், ஆறு மாதம் வரை அது மட்டுமே என்பதை அவர் ஒரு நாளில் எத்தனை பாட்டிகளோடு மல்லுக்கட்டிச் சொல்லவேண்டியிருக்கிறது! சிசேரியன் ஆன பெண்ணை "எழுந்து நடம்மா" என்று அதட்டுபவர் மீதும் அதே கோபம். படுத்தே கிடந்தால் கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறையும், அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போய் அடைக்கும் என்பது அந்த அதட்டலுக்குப் பின்னால் இருக்கும் பயம்.

இன்னொருவர் ஊசி போட வரும்போதெல்லாம் நோயாளியின் பெயரைக் கேட்கிறார். "காலையிலேருந்து நாலு தடவை சொல்லியாச்சே சிஸ்டர்" என்று நாம் முகம் சுளிக்கிறோம். சரியான ஆளா, சரியான மருந்தா, சரியான அளவா, சரியான வழியா, சரியான நேரமா என்று பார்த்த பிறகே மருந்து உடம்புக்குள் போகவேண்டும் என்பது நர்சிங் படிப்பின் அடிப்படைப் பாடம். அதைச் செய்பவருக்கு நம்மிடம் 'தொணதொணப்பு' என்று பெயர். எதையும் கேட்காமல், சிரித்தபடி ஊசியைப் போட்டுவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுபவர் 'சுறுசுறுப்பு'. புகார் எழுதவேண்டியது யார் மீது?

இதே கடுமை டாக்டரிடம் இருந்தால் நம் நியாயம் மாறிவிடுகிறது. "பெரிய டாக்டர், எவ்வளவோ டென்ஷன், கோபம் வரத்தானே செய்யும்" என்று அவருக்காக நாமே வாதாடுகிறோம். நர்ஸுக்கு அந்தச் சலுகை கிடையாது. அவர் பெண், சம்பளம் குறைந்தவர், திருப்பிப் பேசினால் மெமோ வாங்கக்கூடியவர். போதாததற்கு, 24 மணி நேரமும் வார்டில் கண்ணுக்குத் தெரியும் ஒரே ஆள். ஸ்கேனுக்கு மூன்று நாள் ஆகிறது, மருந்தை வெளியில் வாங்கச் சொல்கிறார்கள், படுக்கை இல்லாமல் தரையில் பாய் விரித்திருக்கிறார்கள், ரவுண்ட்ஸ் வரவேண்டிய டாக்டரைக் காணவில்லை. இவற்றில் ஒன்றுகூட அவர் கையில் இல்லை. அத்தனைக்குமான எரிச்சல் அவர் தலையில்தான் இறங்குகிறது. 2015இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் தேர்வெழுதி அரசு மருத்துவமனைகளுக்கு வந்த ஆயிரக்கணக்கான செவிலியர்களுக்கு அப்போது மாதம் 7,700 ரூபாய்தான் தொகுப்பூதியமாக இருந்தது. 2017 நவம்பரில் அவர்கள் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் உட்கார்ந்து போராடியபோது, 'நோயாளிகளை விட்டுவிட்டு வந்துவிட்டார்களே' என்றுதான் கேட்டோம். இரவெல்லாம் 40, 50 பேரை ஒற்றை ஆளாகப் பார்க்க அவர்களை யார் விட்டது என்று கேட்கவில்லை.

அப்படியானால் நர்ஸ் எப்படிப் பேசினாலும் வாயை மூடிக்கொண்டு போகவேண்டுமா என்றால், இல்லை. பேச்சே கொடுமையாகும் இடம் ஒன்று உண்டு. பிரசவ அறை. அங்கே வலியில் துடிக்கும் பெண்ணைத் தொடையில் அறைவதும், இங்கே எழுதக் கூசும் வார்த்தைகளில் அவள் தாம்பத்தியத்தைச் சொல்லி ஏசுவதும் இன்றும் நடக்கின்றன. திரை போடாமல் ஆடை கலைந்த நிலையில் போட்டுவைப்பதும், சாதியைக் கேட்டுத் தொடும் விதத்தை மாற்றிக்கொள்வதும் அதே கணக்கில் சேரும். இது உலகெங்கும் உள்ள கேடுதான். பிரசவத்தின்போது பெண்களை அவமதிப்பதற்கு எதிராக உலக சுகாதார நிறுவனம் 2014இல் தனி அறிக்கையே வெளியிட்டது. கானா, கினியா, மியான்மர், நைஜீரியா ஆகிய நான்கு நாடுகளில் பிரசவங்களை நேரில் கவனித்த ஓர் ஆய்வு 2019இல் லான்செட் இதழில் வந்தது. பத்தில் நான்கு பெண்களுக்கு மேல் அடியோ வசையோ பாகுபாடோ நேர்ந்திருந்தது. இந்திய அரசின் 'லக்ஷ்யா' திட்டமும் 2017 முதல் பிரசவ அறையில் மரியாதையைத் தரத்தின் ஒரு பகுதியாகவே வைத்திருக்கிறது.

கொடுமை என்னவென்றால், இந்த இடத்தில்தான் நாம் வாய் திறப்பதில்லை. வெளியே நிற்கும் மாமியாரும் தாயாரும் "எல்லாருக்கும் நடக்கறதுதான், கத்தினா திட்டத்தானே செய்வாங்க" என்று அந்தப் பெண்ணையே சமாதானப்படுத்துகிறார்கள். பார்வை நேரம் முடிந்த பிறகு வார்டுக்குள் நுழைந்த மருமகனை நர்ஸ் "வெளியே போங்க" என்று சொன்னால் மட்டும் கட்சிக்காரருக்கு போன் போகிறது. காலில் நின்று பதில் பேசக்கூடியவருக்கு வந்த கோபத்துக்கு ஒரு புகார். மல்லாந்து கிடந்தவளுக்கு விழுந்த அறைக்கு ஒன்றுமில்லை. இதைவிடத் தலைகீழான நியாயம் இருக்க முடியாது. கடுஞ்சொல்லை எடைபோட ஒரே கேள்வி போதும்: அது நோயாளியைக் காப்பதற்காக வந்ததா, தப்பிக்க முடியாத ஓர் உடம்பின் மீது அதிகாரம் காட்ட வந்ததா? முன்னது பல்லைக் கடித்துப் பொறுக்க வேண்டியது. பின்னது ஒரே ஒரு வார்த்தையாக இருந்தாலும் எழுதிக் கொடுக்க வேண்டியது.

சத்தமே இல்லாமல், இனிக்க இனிக்கப் பேசிக்கொண்டே நடக்கும் தவறுகள் இன்னும் மோசம். பி.பி. பார்க்காமலே கேஸ் ஷீட்டில் எண்ணை எழுதிவைப்பதை எத்தனை பேர் கவனிக்கிறோம்? அந்த எண்ணைப் பார்த்துத்தான் டாக்டர் மருந்தை மாற்றப்போகிறார். "அப்பாவுக்கு மூச்சு வாங்குது" என்று இரண்டாம் முறை சொன்ன பிறகும் எழுந்து வந்து பார்க்காமல், டூட்டி டாக்டருக்கும் சொல்லாமல் இருப்பது, பென்சிலின் ஒத்துக்காது என்று சொன்ன பிறகும் மாற்று கேட்காமல் போடுவது, சம்மதம் கேட்காமல் காப்பர்-டி பொருத்துவது என எதிலும் குரல் உயர்வதில்லை. குழந்தையைக் காட்டக் காசு கேட்பவர்கள் சிரித்த முகத்தோடுதான் கேட்கிறார்கள். ஒருவருக்கு எச்.ஐ.வி. இருப்பதைப் பக்கத்துக் கட்டிலுக்குக் கேட்கும்படி சொல்வது 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. சட்டத்துக்கு எதிரானது, அக்கறையான குரலில் சொன்னாலும் எதிரானதுதான்.

இன்னொரு வகை உண்டு. கெட்ட எண்ணமே இல்லாமல் நேரும் பிழை. 2017 டிசம்பரில் அமெரிக்காவின் நாஷ்வில் நகரில், வாண்டர்பில்ட் பல்கலைக்கழக மருத்துவமனையில் ரடோண்டா வாட் என்ற நர்ஸ், 75 வயது நோயாளிக்குப் பதற்றம் தணிக்கும் வெர்செட் மருந்துக்குப் பதிலாக வெக்யூரோனியத்தைச் செலுத்திவிட்டார். அது தசைகளை முடக்கி மூச்சையே நிறுத்தும் மருந்து. மருந்துகள் வைத்திருக்கும் கணினி அலமாரியில் மருந்துப் பெயரின் முதல் இரண்டு எழுத்தைத் தட்டி, எச்சரிக்கைகளைத் தாண்டி எடுத்திருந்தார். நோயாளி இறந்தார். வாட் எதையும் மறைக்கவில்லை, உடனே ஒப்புக்கொண்டார். 2022இல் அவர்மீது குற்றம் உறுதியாகி மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு விதிக்கப்பட்டது. அதற்கு முன்பே உரிமமும் பறிபோனது. மரணத்தின் காரணத்தை முறைப்படி வெளியில் தெரிவிக்காமல் விட்ட மருத்துவமனை நிர்வாகத்திலிருந்து யாரும் கூண்டில் ஏறவில்லை. எச்சரிக்கைகளைப் படிக்காதது அவர் தவறு, சந்தேகமில்லை. ஆனால் அவரைத் தண்டித்ததால் அடுத்த நர்ஸின் கை அதே அலமாரியில் அதே இரண்டு எழுத்தைத் தட்டாமல் போய்விடுமா? ஒப்புக்கொண்டவருக்குச் சிறைப் பயம் என்றால், அடுத்து பிழை செய்பவர் சொல்லப்போவதில்லை. சொல்லாத பிழைக்கு மாற்று மருந்தும் கிடையாது.

நம் ஊரில் நடப்பதும் இதுதான். மருந்து மாறியது என்று செய்தி வந்த மறுநாள் 'செவிலியர் பணியிடை நீக்கம்' என்று நான்கு வரி வரும். குடும்பத்துக்கு ஆறுதல், நிர்வாகத்துக்கு நிம்மதி. ஒரே மாதிரி இருக்கும் இரண்டு மருந்துக் குப்பிகள் பக்கத்தில் பக்கத்தில் அப்படியே இருக்கும்.

"புகார் கொடுத்தால் நம்ம ஆளைப் பழிவாங்கிடுவாங்க" என்ற பயம் பொய்யில்லை. அதனால்தான் புகார் கோபத்தில் போடும் சத்தமாக இருக்கக் கூடாது. என்று, எத்தனை மணிக்கு, எந்த வார்டில், யார் என்ன செய்தார், அதனால் நோயாளிக்கு என்ன ஆனது என்று தாளில் இருக்கவேண்டும். செய்தவர் நர்ஸ்தானா, நர்சிங் மாணவியா, ஒப்பந்தப் பணியாளரா என்பதைப் பார்த்து எழுதவேண்டும். சீருடை போட்ட எல்லாரையும் நர்ஸ் என்று எழுதுவதால் எத்தனையோ பேர் செய்யாத தவறுக்கு நிற்கிறார்கள். முதலில் தலைமைச் செவிலியரிடமும் செவிலியர் கண்காணிப்பாளரிடமும், பிறகு நிலைய மருத்துவ அலுவலரிடமும் கொடுக்கலாம். 104 என்ற சுகாதார உதவி எண்ணுக்கும் அழைக்கலாம். அடித்தது, பொய்யாகப் பதிவு செய்தது போன்றவை என்றால் தமிழ்நாடு செவிலியர் கவுன்சில் வரை போகவேண்டும். காசு கேட்டால் லஞ்ச ஒழிப்புத் துறை. சிகிச்சைப் பதிவுகளின் நகலைக் கேட்டால் 72 மணி நேரத்தில் தரவேண்டும் என்று விதி இருக்கிறது. அதை வாங்கிப் பார்த்த பிறகு எழுதும் புகாருக்கு எடையே வேறு.

அந்தப் புகாரில் ஒரு கேள்வியையும் சேர்த்து எழுதுங்கள்: சம்பவம் நடந்த ஷிஃப்டில் அந்த வார்டில் நோயாளிகள் எத்தனை பேர், நர்ஸ்கள் எத்தனை பேர்? அரசு மருத்துவமனை பதில் சொல்லாவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். அறைந்த கைக்கு அந்த எண்ணிக்கை ஒருநாளும் சாக்காகாது. ஆனால் கூப்பிட்டும் நர்ஸ் வரவில்லை என்பதுதான் உங்கள் புகார் என்றால், அந்த இரவு அவரை ஒற்றை ஆளாக நிறுத்தி டூட்டி போட்டவரின் பெயரும் விசாரணையில் வந்தாகவேண்டும்.