இரண்டாயிரம் ரூபாய் சோறு ஊட்டாது

காரவள்ளியிலிருந்து கொல்லிமலை ஏறினால் 70 கொண்டை ஊசி வளைவுகள். சுற்றுலா வருகிறவர்களுக்கு அது செல்ஃபி எடுக்கும் இடம். அறிவுசார் குறைபாடுள்ள முப்பது வயது மகனைச் சான்றிதழுக்காக நாமக்கல்லுக்கு அழைத்துப் போகும் ஆலத்தூர் நாட்டுப் பழங்குடித் தாய்க்கோ, அது ஒரு நாள் கூலி இழப்பு.

18 வயதுவரை சிறப்புப் பயிற்றுநர், வீட்டுவழிக் கல்வி என்று ஏட்டிலாவது ஏதோ இருக்கிறது. அதற்குப் பிறகு? மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை. 1,500இலிருந்துதான் அது உயர்ந்தது. அந்தப் பணம் தேவை, இன்னும் கூடவும் வேண்டும். ஆனால் தாய் களையெடுக்கப் போகும்போது மகனுக்குப் பக்கத்தில் அந்தப் பணம் உட்கார்ந்திருக்குமா? ஒன்று, தாயின் வேலை போகும். இல்லையென்றால், தங்கையின் படிப்பு போகும். இரண்டும் இல்லையென்றால், கதவு வெளியே பூட்டப்படும்.

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 5ஆம் பிரிவு, தனிப்பட்ட உதவியாளர் உள்ளிட்ட சமூக ஆதரவுச் சேவைகளைப் பற்றிப் பேசுகிறது. ஆனால் அதற்கு அரசு ‘முயல வேண்டும்’ என்றுதான் சொல்கிறது. கலிஃபோர்னியாவில் 1969இல் வந்த லாண்டர்மன் சட்டத்தின்படி இத்தகைய சேவை உரிமையே என்று அம்மாநில உச்ச நீதிமன்றம் 1985இல் தீர்ப்பளித்தது. அங்கே உரிமை, இங்கே முயற்சி.

இது மாற்றுத்திறனாளிகள் துறையின் விவகாரம், சாதி ஒழிப்புக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்கும் தோழர்களுக்கு ஒன்று: சேரியில் பிறந்தவனைப் பார்த்து ‘முன்வினை’ என்ற அதே வாய்தான் இந்தத் தாயிடமும் ‘போன ஜென்மத்துப் பாவம்’ என்கிறது. பாவம் என்று சொல்லிவிட்டால் பொறுப்பு குடும்பத்தின் தலையில் விழும். அரசும் ஊரும் கை கழுவிக்கொள்ளலாம். பிறகு வருடத்துக்கு ஒருநாள் அன்னதானம் போட்டுப் புண்ணியமும் தேடிக்கொள்ளலாம்.

நமக்குத் தேவை தானம் அல்ல. உலக வங்கிக் கடனுதவியோடு நடக்கும் தமிழ்நாடு உரிமைகள் திட்டம் ‘விழுதுகள்’ மையங்களைத் திறந்து வருகிறது. விழுது மலையிலும் இறங்கட்டும். நாட்டுக்கு ஒரு பகல்நேர மையம் வேண்டும். அதில் மலையாளிப் பழங்குடிப் பெண்களே பயிற்சி பெற்று, தன்னார்வலர்களாக அல்ல, அரசு ஊதியத்தில் பணியாற்ற வேண்டும். மருத்துவக் குழு மலையேறி வந்து சான்றிதழ் தர வேண்டும்.

ஊராட்சிகளில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினராக்க 2025இல் சட்டம் திருத்தப்பட்டது. அந்த நாற்காலியிலிருந்து எழும் முதல் கோரிக்கை இதுவாக இருக்கட்டும். அந்தக் குரலுக்குப் பின்னால் நிற்பது நம் வேலை.