காரோட்டை உறக்கத்தில் கடக்க வேண்டாம்

பூசை விடுமுறையில் காரிலேயே தமிழகம் சுற்றி வருவது என்று நம் மன்றக் கூட்டத்தில் முடிவாயிற்று. கைதட்டல் ஓயவே நெடுநேரம் ஆனது. அந்தத் திட்டத்தை எதிர்த்துக் கை தூக்கியவன் நான் ஒருவன்தான். "பயந்தாங்கொள்ளி" என்று நண்பர் ஒருவர் சொன்னார், அனைவரும் சிரித்தனர், நானும் சிரித்தேன். ஆனால் சிரிப்பில் மறைந்துவிடக் கூடிய செய்தி அன்று அது, ஆகவே எழுதுகிறேன்.

பயணத்தை நான் எதிர்க்கவில்லை. எதிர்ப்பது திட்டத்தை மட்டுமே. அத்திட்டம் என்ன? வெள்ளிக்கிழமை வகுப்பு முடிந்து, இரவு பத்து மணிக்குக் கழக்கூட்டத்தில் புறவழிச் சாலை ஏற வேண்டும். விடியும்போது மதுரை. பிறகு தஞ்சை, சிதம்பரம், சென்னை. திங்கள் இரவு சென்னையை விட்டால் செவ்வாய் காலை வகுப்புக்கு வந்துவிடலாம். போக வர 1,500 கிலோமீட்டருக்குக் குறையாது. ஏழு பேர், ஒரு கார். ஓட்டத் தெரிந்தவர் ஒருவர்!

இரவில் ஏன் போக வேண்டும் என்று கேட்டேன். இரண்டு இரவு விடுதி வாடகை மிச்சமாகும் என்றனர். நம் கைச்செலவுக் காசு எவ்வளவு என்பது எனக்கும் தெரியும். அதனால் அந்த விடையை நான் அலட்சியம் செய்யவில்லை. ஆனால் அந்த மிச்சத்துக்கு விலை கொடுப்பவர் யார்? பின்னிருக்கையில் உறங்கப் போகும் நாம் அல்லர். முன்னிருக்கையில் விழித்திருக்க வேண்டிய ஒரே ஒரு நண்பர்!

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். அவர் காலை ஆறு மணிக்கு எழுந்து, பகலெல்லாம் வகுப்பில் இருந்தவர். கழக்கூட்டத்திலிருந்து காரோடு வரை புறவழிச் சாலை சுமார் 43 கிலோமீட்டர். பத்து மணிக்குப் புறப்பட்டால் பதினொரு மணி வாக்கில் எல்லையில் இருப்போம். அப்போது அவர் விழித்து 17 மணி நேரம் ஆகியிருக்கும். அவ்வளவு நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் கண்ணும் கையும், இரத்தத்தில் 0.05 சதவீதம் மது உள்ளவருடைய நிலைக்குத் தளர்ந்துவிடுகின்றன என்று 1990களில் ஆஸ்திரேலியாவில் நடந்த ஆராய்ச்சி கண்டது. நம் நாட்டுச் சட்டம் ஓட்டுநருக்குப் பொறுக்கும் அளவோ 0.03தான். குடித்தவர் ஓட்டும் வண்டியில் நம்மில் எவரும் ஏறமாட்டோம். ஆனால் இந்த வண்டியில் ஏறுவதற்குப் பெயர் கொடுத்துவிட்டோம்! பயணம் தொடங்கும் இடத்திலேயே நிலைமை இதுவென்றால், தூக்கம் மிக அழுத்தும் பின்னிரவு இரண்டு மணிக்கும் ஐந்து மணிக்கும் இடையே என்ன ஆகும்?

சாலையும் முழுவதும் ஒரே மாதிரி இருக்காது. காரோடு வரை புறவழிச் சாலையில் விரைந்து வந்த கால், பழைய சாலையில் இறங்கிய பின்னும் அதே விரைவைத் தேடும். அங்கே களியக்காவிளை, குழித்துறை, மார்த்தாண்டம், தக்கலை என்று ஊரை ஒட்டி ஊர். வளைவும் நெருக்கமும் மிகுந்த வழி அது. களைத்த கண்ணுக்கு ஏற்ற வழியன்று.

அடுத்தது வண்டி. நண்பருக்குத் தெரிந்த ஒருவரின் சொந்தக் காரை வாடகைக்கு எடுப்பதாகப் பேச்சு. வெள்ளைப் பலகை வண்டியை வாடகைக்கு விடச் சட்டத்தில் இடமில்லை. தனியார் காருக்கான காப்பீட்டு ஒப்பந்தமும் வாடகை ஓட்டத்தை விலக்கியே எழுதப்படுகிறது. ஏதேனும் நேர்ந்தால் காப்பீட்டுக் கம்பெனி கைவிரித்துவிட இடம் உண்டு. நாமே ஓட்டிச் செல்வதற்கென்று முறைப்படி வாடகைக்கு விடும் வண்டிக்குக் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து இருக்கும். ஓட்டுநரோடு வரும் டாக்சிக்கு மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து. வாடகை வண்டி எதுவாயினும், அடுத்த மாநிலத்துக்குள் நுழைய அதற்குரிய அனுமதியும் வரியும் ஒழுங்காக உள்ளனவா என்று புறப்படுமுன் கேட்டறிய வேண்டும். நடு இரவில், எல்லையில் நின்றுகொண்டு அன்று.

அயல்நாட்டார் இதில் எவ்வளவு கருத்தாக இருக்கிறார்கள் பாருங்கள். அமெரிக்காவிலிருந்து மெக்சிகோவுக்குக் காரில் போகிறவருக்கு உள்நாட்டுக் காப்பீடு அங்கே செல்லாது. மெக்சிகோக் காப்பீடு தனியே வாங்குகிறார். எல்லையோரப் பகுதியைத் தாண்டி உள்ளே போவதானால், பெரும்பாலான இடங்களுக்கு முன்பணம் கட்டி, வண்டிக்குத் தற்காலிக அனுமதி பெறுகிறார். இரவில் ஓட்டுவதைத் தவிர்க்குமாறு அமெரிக்க அரசே அறிவுரை சொல்கிறது. நமக்கோ ஓட்டுநர் உரிமம் இந்தியா முழுவதும் செல்லும். சொந்தக் காரில் போகிறவரை எந்த எல்லையிலும் அனுமதிச்சீட்டுக் கேட்பதில்லை. எல்லை எளிதாக இருப்பதால்தான் திட்டமும் எளிது என்று மயங்குகிறோம்.

இன்னொன்றும் என் மனத்தை உறுத்துகிறது. காரோடு வெறும் மைல்கல்லா? 1956 நவம்பர் முதல் நாள் வரைந்த கோடு அங்கே ஓடுகிறது. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகியவை தமிழகத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரைத் தாலுகாவையும் கேட்டார்கள் திருவிதாங்கூர்த் தமிழர்கள். அது கேரளத்தில் நின்றது. அந்தப் போராட்டத்தில் 1954 ஆகஸ்டு 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. காரோட்டுக்கு அப்பால், தக்கலை அருகே பத்மநாபபுரம் அரண்மனை இருக்கிறது. நிலம் தமிழ்நாட்டில், அரண்மனையைப் பேணுவது கேரள அரசு. இரு மொழியும் ஒரே தெருவில் புழங்கும் இந்த எல்லையோரத்தைப் பார்க்காமல், தமிழகம் பார்க்கப் போகிறோம் என்பது பொருந்துமா? நம் திட்டப்படி அந்த இடங்களையெல்லாம் நாம் குறட்டை விட்டுக்கொண்டே கடப்போம்!

குறை சொல்வது எளிது, மாற்று வழி சொல் என்பீர்கள். சொல்கிறேன். வெள்ளி இரவு எல்லோரும் நன்றாக உறங்குவோம். சனிக்கிழமை காலை ஆறு மணிக்குப் புறப்படுவோம். உரிமம் பெற்ற இருவர் இருக்கட்டும். இரண்டு மணிக்கு ஒரு முறை மாறி ஓட்டட்டும். காரோட்டில் இறங்கித் தேநீர் குடிப்போம். பத்மநாபபுரத்தைப் பார்ப்போம், அரண்மனைக்குத் திங்கள்தான் விடுமுறை. அன்றிரவு நெல்லை. மறுநாள் மதுரை. மூன்றாம் நாள் தஞ்சை. திரும்ப இரண்டு பகல். பொழுது சாய்ந்தால் வண்டி நிற்க வேண்டும். சிதம்பரமும் சென்னையும் அடுத்த ஆண்டுக்கு இருக்கட்டும். அவை எங்கும் ஓடிவிடமாட்டா. ஐந்து நாள் ஆகும், செலவும் கூடும். அந்தச் செலவைத் தாங்க முடியாதென்றால் இரயில் இருக்கிறது. இரவெல்லாம் படுத்துறங்கிக்கொண்டே மதுரை போகலாம். அதில் இழிவு ஒன்றும் இல்லை.

பதறாத காரியம் சிதறாது என்பார்கள் நம் பெரியோர். எத்தனை ஊர் பார்த்தோம் என்று திரும்பி வந்து எண்ணிச் சொல்வது பெருமைதான். ஆனால் எழுவர் போனோம், எழுவரும் வந்தோம் என்பது அதைவிடப் பெரிது. ஓட்டப்போகும் நண்பர் அன்றைய கூட்டத்தில் ஒன்றும் பேசவில்லை. மறுக்க அவருக்கு நாணமாக இருந்திருக்கலாம். ஆகவே செயலாளருக்கு ஒரு வேண்டுகோள்: அடுத்த கூட்டத்தில் வாக்கெடுக்குமுன், முதலில் அவரைக் கேளுங்கள்.